"உடம்பு என்னவோ பண்ணுது": முதியோரின் பதற்றத்தை வீட்டில் கையாள ஒரு வழிகாட்டி

அறுபது, எழுபதைத் தாண்டியவர்கள் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். "உடம்பு என்னவோ பண்ணுது", "வயித்தைக் கலக்குது", "நெஞ்சு படபடங்குது", "கை கால் வெலவெலத்துப் போச்சு", "வாயு பிடிச்சிருக்கு" என்றுதான் வரும். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், கேஸ் மாத்திரை கொடுப்பார்கள். அதிலும் அடங்காவிட்டால் ஒரு ஈசிஜி. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி முடிப்பார்கள். அடுத்த வாரம் அதே பேச்சு மறுபடி தொடங்கும்.

ஒன்றும் இல்லை என்பது சரியில்லை. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, குடல் புரள்கிறது, கை நடுங்குகிறது. பெரியவர் சொல்வது அவர் உடம்பில் நிஜமாகவே நடப்பதைத்தான். அதை மறுத்துப் பேசினால் தன்னை யாரும் நம்பவில்லை என்ற இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும்.

அம்மா, அப்பா, மாமனார், மாமியார் என்று ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். முதலில் உடம்பு, அடுத்து மாத்திரை டப்பா, அதன் பிறகு மனசு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வாழ்நாள் முழுக்க நிதானமாக இருந்த ஒருவருக்கு அறுபதுக்குமேல் புதிதாகப் படபடப்பு வந்தால், வேறு எதையும் நினைப்பதற்கு முன் உடம்பில் காரணம் தேட வேண்டும்.

முதல் வாரம்: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஏழு நாளைக்கு, ஒவ்வொரு முறை படபடப்போ கிறுகிறுப்போ வரும்போதும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: மணி, உடம்பில் என்ன தெரிந்தது, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார் அல்லது எந்த மாத்திரை போட்டார், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது (போன் வந்ததா, டிவியில் செய்தியா, தனியாக இருந்தாரா), எவ்வளவு நேரத்தில் எப்படி அடங்கியது.

நாடியையும் சேர்த்து எழுதினால் நல்லது. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், தாளம் தப்பி அடிப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். முதியோருக்கு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு அந்தத் தாளத்தில்தான் பிடிபடும். அது பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடியது. துடிப்பு ஒழுங்கில்லாமல் தட்டுப்பட்டால் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் நோட்டில் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். தினமும் பகல் 11 மணிக்கு வருகிறதா? காலை இட்லியைக் குறைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் முழுசாகப் போட்டிருக்கலாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் வருகிறதா? பிரஷர் இறங்கலாம். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் வருகிறதா? தனிமையாக இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். டாக்டருக்கு இந்த ஏழு பக்கம், அரை மணி நேரப் பேச்சைவிட உதவும்.

உடம்பைப் பார்ப்பது

டாக்டரிடம் கேட்டு எடுக்க வேண்டிய அடிப்படைச் சோதனைகள்: ஹீமோகுளோபின், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்எச், சோடியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், வைட்டமின் பி12, சிறுநீர்ச் சோதனை, ஈசிஜி. இவற்றில் அடிக்கடி விட்டுப்போவது சோடியமும் பி12-ம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடமாகப் போடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம். பெயருக்குப் பின்னால் 'எச்' அல்லது 'சிடி' ஒட்டியிருக்கும் பல பிரஷர் மாத்திரைகளில் உப்பை வெளியேற்றும் மருந்து கலந்திருக்கும். அதோடு உப்பே இல்லாமல் சாப்பிடுகிற பெரியவருக்குச் சோடியம் இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். அதற்காக நீங்களே உப்பைக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். சோதனை முடிவைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நின்றால் இறங்கும் பிரஷரை வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், "எழுந்தா பயமா வருது" என்று அவர் சொல்வதற்கு அர்த்தம் தெரிந்துவிடும். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் இதைச் செய்யும். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் இருந்துவிட்டு, பிறகு நிற்கப் பழக்குங்கள்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. வீட்டில் பிரஷர் மிஷின் வாங்கி வைத்த நாளிலிருந்து தினமும் பத்துத் தடவை அளக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பயத்தில் அளந்தால் எண் ஏறும், ஏறிய எண்ணைப் பார்த்துப் பயம் கூடும், மறுபடி அளப்பார்கள். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் வாரம் இரண்டு நாள், ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, இரண்டு முறை அளந்தால் போதும். மற்ற நாளில் மிஷின் பீரோவுக்குள் இருக்கட்டும்.

மாத்திரை டப்பா

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், இன்ஹேலர், சிரப், சூரணம், லேகியம் உட்பட ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். வெறும் சீட்டு போதாது. இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பது பையைக் கொட்டினால்தான் தெரியும்.

படபடப்பைக் கிளப்பக்கூடியவை எவை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், டெரிஃபிலின், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்காகக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை ஆகியவை இதில் சேரும். மெட்டோப்ரலால், ப்ரோப்ரனலால், அட்டினலால் போன்ற மாத்திரைகளை, "பிரஷர் சரியாயிடுச்சே" என்று ஒரே நாளில் நிறுத்தினால் துடிப்பு பாய்ந்து ஏறும். இந்த மாத்திரை போடுகிற சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பு தெரியாமல் போகலாம்; வியர்வை மட்டும் தெரியும். அப்படிக் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரை எடுங்கள்.

காபியை யாரும் மருந்தாகக் கணக்கில் வைப்பதில்லை. கெட்டி டிகாக்ஷனில் நாலு டம்ளர் குடிக்கிற பெரியவருக்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வந்து நாலாம் நாள் மறுபடி தொடங்கிவிடுவார். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் வீதம் குறைத்து, பகல் 12 மணிக்குமேல் காபி, டீ இல்லை என்ற இடத்துக்கு வாருங்கள். மாலையில் சுக்குமல்லி காபி கொடுக்கலாம். பாக்கு, புகையிலை, மூக்குப்பொடி மூன்றும் துடிப்பைக் கூட்டும். கூச்சப்படாமல் கேளுங்கள், ஏனென்றால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

"இயற்கைதானே" என்று அமுக்கரா சூரணம் கொடுப்பவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ போடுகிறவருக்கு டாக்டருக்குத் தெரியாமல் அதைக் கொடுக்கக் கூடாது. தூக்கம் வரட்டும் என்று இருமல் சிரப் கொடுப்பது அதைவிட மோசம். அந்தத் தூக்கம் தரும் மருந்துகள் முதியோருக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இரவில் குழப்பம் என்று கொண்டுபோய் விடும்.

படபடப்பு வந்த அந்த நேரத்தில்

முதலில் ஆபத்தை விலக்க வேண்டும். நெஞ்சில் பாரம் அல்லது வலி, தாடைக்கோ கைக்கோ இழுக்கும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வலுவிழப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பயிற்சிக்கெல்லாம் நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாக மாரடைப்பு வரலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படி வந்திருந்தால், அரை மணியில் தானாக அடங்கிவிட்டாலும், அன்றைக்கே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பரிசோதித்து, இது பதற்றம்தான் என்று டாக்டர் சொன்னவருக்கு வந்தால் செய்ய வேண்டியவை:

1. நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி வையுங்கள். படுக்கவைக்க வேண்டாம், படுத்தால் நெஞ்சடி காதில் கேட்டுப் பயம் கூடும்.
2. சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.
3. பிரஷர் பார்க்கவே வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை.
4. உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள்.

என்ன பேசுவது? "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்பது வேண்டாம். "நெஞ்சு படபடங்குதாம்மா? நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். போன வாரம் வந்தப்போ கால் மணியில அடங்குச்சு. இப்பவும் அடங்கும்" என்று சொல்லுங்கள். இதில் பொய் இல்லை, கிண்டல் இல்லை, நோட்டில் எழுதியிருக்கும் சாட்சியும் உண்டு. இந்த மாதிரித் திடீர்ப் பதற்றம் பத்து நிமிட அளவில் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கும். அரை மணி தாண்டியும் இறங்காவிட்டாலோ வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூச்சு: எல்லோரும் தப்பாகச் செய்வது

"நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படுவது. பயத்தில் இருப்பவர் அதைக் கேட்டு வேகவேகமாகப் பெரிய மூச்சாக இழுப்பார். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை சுற்றி, "ஐயோ, பக்கவாதம்" என்று இன்னும் பயப்படுவார்.

மெதுவாக வெளியே விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை சாதாரணமாக உள்ளே இழுக்க வேண்டும். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்ற ஊதுவதுபோல ஆறு எண்ணும்வரை வெளியே விட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. எண்ணிக்கை பிடிபடாதவர்கள் வெளிமூச்சில் "முருகா" என்றோ "அல்லாஹ்" என்றோ "இயேசுவே" என்றோ இழுத்துச் சொன்னால் கணக்குத் தானாக வந்துவிடும். நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு நான்கு, ஆறு சிரமமாக இருந்தால் இரண்டு, நான்கு என்று குறைத்துக்கொள்ளலாம். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் பயிற்சிகள் இதய நோய், பிரஷர் உள்ள முதியோருக்கு வேண்டாம்.

காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம், மனசு அமைதியாக இருக்கும் நேரத்தில் இரண்டு வாரம் பழக வேண்டும். அப்படிப் பழகாமல், படபடப்பு வந்த நேரத்தில் மட்டும் முயன்று பார்த்து, "இதெல்லாம் எனக்கு வேலைக்கு ஆகலை" என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

ஆறுதல் பயத்துக்குத் தீனியாகும் இடம்

பாசமுள்ள வீடுகள் சறுக்குவது இங்கேதான். மகன் வேலை முடிந்து வரத் தாமதமானால் அம்மா போன் செய்கிறார். "வந்துட்டே இருக்கேன்மா." ஐந்து நிமிடம் நிம்மதி. மறுபடி போன். நாளடைவில் ஒரு சாயங்காலத்துக்குப் பன்னிரண்டு அழைப்பு. ஒவ்வொரு ஆறுதலும் "கேட்டால்தான் நிம்மதி" என்று மூளைக்குப் பழக்கிவிடுகிறது. கேட்காமலே அடங்கும் என்பதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. அதற்காகப் போனை எடுக்காமல் விட்டால் பயம் இரட்டிப்பாகும்.

செய்ய வேண்டியது ஒப்பந்தம். "மத்தியானம் ஒரு மணிக்கு நானே பேசுவேன். ஆபீஸ்ல இருந்து கிளம்பும்போது பேசுவேன். நடுவுல அவசரம்னா மட்டும் கூப்பிடுங்க." இதை அவர் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் நீங்கள் தவறாமல் பேச வேண்டும். இரண்டு முறை மறந்தால் ஒப்பந்தம் அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. நினைத்தபோது ஒரு மணி நேரம் பேசுவதைவிட, தினம் இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் என்று பேசுவது மேல்.

நாள் முழுக்கச் சிதறும் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கும் முறையும் உண்டு. மாலை 4:30 முதல் 4:45 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சொல்லில் நோட்டில் குறித்துவிட்டு, "நாலரைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைக்க வேண்டும். நாலரைக்கு உட்கார்ந்து, பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நம்மால் ஏதாவது செய்யக்கூடியவை, மறுபக்கம் நம் கையில் இல்லாதவை என்று பிரியுங்கள். படுக்கப்போகும் நேரத்துக்கு அருகில் இதை வைக்க வேண்டாம்.

அந்த முதல் பக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதியோரின் கவலைகளில் பாதி நியாயமானவை. பென்ஷனுக்கு உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அதைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார். வங்கிக் கணக்கில் நாமினி யார், பத்திரம் எங்கே, ஒருவர் போனால் மற்றவர் யாரிடம் இருப்பார் என்று கேட்பார்கள். "அதெல்லாம் இப்ப எதுக்கு, நல்லதையே நினைங்க" என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார்ந்து பேசி, எழுதி, ஒரு கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை அவரிடமே கொடுங்கள். போலீஸ் பேசுவதாகச் சொல்லி வீடியோ காலில் மிரட்டும் மோசடிக்கு ஆளாகி, வெட்கத்தில் வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் நடுங்குகிறவர்களும் உண்டு. திடீரென்று போன் மணி கேட்டாலே பதறுகிறார் என்றால் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் புகார் செய்யலாம்.

வெளியே போகும் பயம்

பாத்ரூமில் ஒரு தடவை சறுக்கி விழுந்த பிறகு வாசற்படி தாண்டாதவர்கள் நிறைய. நடக்காமல் இருந்தால் தொடையும் காலும் வலுவிழக்கும், வலுவிழந்தால் விழும் வாய்ப்பு கூடும். அதனால் இந்தப் பயம் தன்னைத்தானே நிஜமாக்கிக்கொள்ளும் பயம். முதலில் பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவு விளக்கு, பின்பக்கம் வார் உள்ள செருப்பு ஆகிய ஏற்பாடுகளைச் செய்துவிட்டுப் படிப்படியாக வெளியே கொண்டுவாருங்கள்.

பயத்தை அளக்க ஒரு அளவு வேண்டும். பத்துக்கு எத்தனை என்று கேட்கலாம். எண்பதை ஒட்டியவர்களிடம் "ரூபாய்க்கு எத்தனை அணா பயம்?" என்று கேட்டுப் பாருங்கள், பட்டென்று பதில் வரும். தெருமுனைக் கோயில்வரை போவது இலக்கு என்றால் படிகள் இப்படி இருக்கலாம்:

1. வாசல் திண்ணையிலோ கேட் அருகிலோ பத்து நிமிடம் உட்காருவது.
2. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீடுவரை.
3. கையை விட்டு, நீங்கள் அருகில் நடக்க, அதே தூரம்.
4. கோயில்வரை உங்களோடு, கூட்டம் இல்லாத நேரத்தில்.
5. நீங்கள் பத்தடி பின்னால் வர, கோயில்வரை.
6. நீங்கள் வீட்டில் இருக்க, அவர் கைத்தடியும் போனுமாகத் தனியாக.

ஒவ்வொரு படியையும் மூன்று நான்கு நாள் செய்து, பயம் பத்துக்கு மூன்றாகக் குறைந்த பிறகே அடுத்த படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பிவிடுவது பெரிய தப்பு. "திரும்பியதால் தப்பித்தேன்" என்று மனசில் பதிந்துவிடும். அந்த இடத்திலேயே உட்கார இடம் தேடி, மூச்சுப் பயிற்சி செய்து, பயம் பாதியாக இறங்கிய பிறகு திரும்புங்கள். இரண்டாவது தப்பு, உற்சாகத்தில் இரண்டாம் படியிலிருந்து ஐந்தாம் படிக்குத் தாவுவது. நிஜமாகவே கால் தள்ளாடுகிறவருக்கு ஆறாம் படி கிடையாது. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் தூரமே எல்லை.

ஊரிலிருந்து பெரியவர்களை நகரத்து ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்து, "யாரு பெல் அடிச்சாலும் திறக்காதீங்க, லிஃப்டுல தனியாப் போகாதீங்க, கேஸைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறோம். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் பூட்டிய வீட்டில், எதையும் தொடக்கூடாதவராக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் படபடக்காது? கீரை ஆய்வது, கோலம், பேரப்பிள்ளையைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடுவது, பால் கணக்கு என்று அவர் செய்யாவிட்டால் நடக்காத ஒரு வேலையைக் கொடுங்கள். சும்மா ஒப்புக்குக் கொடுக்கும் வேலையை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கையில் கேட்காமல் செலவழிக்கக் கொஞ்சம் பணமும் இருக்கட்டும்.

காது மந்தமாக இருந்தால் பேச்சு பாதி விழுந்து, மற்றவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் வளரும். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்புரையையும் தள்ளிப்போடாதீர்கள்.

தூக்கம்

"ராத்திரி தூக்கமே இல்ல, மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது" என்பார்கள். எட்டு மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரம் தூங்கியாயிற்று. கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்க மாத்திரை வாங்குகிற வீடுகள் அதிகம். படுக்கும் நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளினாலே பாதிப் பேருக்கு விஷயம் முடியும். ஒரு வாரத்துக்கு அரை மணி என்று மெல்லத் தள்ளுங்கள்.

மதியத் தூக்கம் மூன்று மணிக்குள், 30 நிமிடத்துக்குமேல் வேண்டாம். காலை வெயிலில் இருபது நிமிடம் இருக்கட்டும். நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்; இரவு நான்கு முறை பாத்ரூம் போகிறவருக்கு அதுவே தூக்க மருந்து. இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில் ஜபமோ கேட்டுப் பழகிய பாட்டோ கேட்டுவிட்டு, கண் சொருகும்போது போய்ப் படுக்கட்டும். இரவுச் செய்தி சேனலும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டும் ஏழு மணியோடு முடியட்டும்.

இது பதற்றம் இல்லை, அவசரம்

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் நேரம், இடம் தெரியாமல் உளறுகிறார், இல்லாததைப் பார்க்கிறார், ஒரு நேரம் தூங்கி வழிந்து இன்னொரு நேரம் கத்துகிறார் என்றால் அது மனக்கோளாறு என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, நீரிழப்பு, புதிய மாத்திரை என்று காரணம் ஏதாவது இருக்கும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"நான் இருந்து என்ன பிரயோஜனம்", "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்ற பேச்சைப் புலம்பல் என்று கடந்துபோக வேண்டாம். "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, மனசைத் திறக்க வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை அட்டைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைத்துவிட்டு, டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. முதியோருக்கான பொது உதவி, சட்ட விவரம், புறக்கணிப்புப் புகார் ஆகியவற்றுக்கு 14567.

டாக்டரிடம்

கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஏழு கேள்வி கேட்கும் ஜிஏடி-7 என்ற அளவுகோலை டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்: படபடப்பாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியவில்லையா, பலதைப் பற்றியும் அதிகமாகக் கவலைப்பட்டாரா, ஓய்வாக இருக்க முடியவில்லையா, ஓரிடத்தில் உட்கார முடியவில்லையா, எரிச்சல் வந்ததா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் இருந்ததா. இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 21. பத்தைத் தொட்டால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் குறைத்துச் சொல்வார்கள் என்பதால் ஐந்துக்குமேல் வந்தாலே கவனியுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதியோருக்கென்று தனிப் பிரிவு நாட்டிலேயே முதலில் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியது. 2024 முதல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. "மனநல டாக்டரா? நான் என்ன பைத்தியமா?" என்று மறுப்பவரை, "தூக்கத்துக்கும் படபடப்புக்கும் பார்க்கிற டாக்டர்" என்று கூட்டிப்போகலாம். அது பொய்யில்லை. உள்ளே போனதும் அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். ஐந்து நிமிடமாவது டாக்டருடன் தனியாகப் பேச விடுங்கள். வீட்டுப் பிரச்சினையே காரணமாக இருந்தால் உங்கள் எதிரில் எப்படிச் சொல்வார்?

பேச்சு வழிச் சிகிச்சை முதியோருக்கும் பலன் தரும். அவருக்குக் காது கேட்கும் வேகத்தில் பேசி, வீட்டில் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதித் தரும் ஆலோசகரைத் தேடுங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் பெரும்பாலும் எஸ்சிடலோப்ராம் அல்லது செர்ட்ரலின் எழுதுவார்கள். முதியோருக்கு இளையவர்களின் பாதி அளவில் தொடங்குவது முறை; எஸ்சிடலோப்ராம் 5 மில்லிகிராமில் தொடங்கும், வழக்கமாக 10-க்குமேல் போகாது. முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் கொஞ்சம் கூடலாம். நாலாம் நாள் "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவதுதான் வைத்தியம் தோற்பதற்குப் பெரிய காரணம். அதனால் முதல் நாளே இதைச் சொல்லி வையுங்கள். தாங்க முடியாவிட்டால் டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தொடங்கிய சில வாரத்தில் ஒரு சோடியம் சோதனை வேண்டும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ கூடவே போடுகிறவருக்கு மலம் கறுப்பாகப் போனால் உடனே தெரிவிக்க வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் வகை மாத்திரைகள் அரை மணியில் நிம்மதி தரும். முதியோருக்கு அதே வேகத்தில் தள்ளாட்டம், இடுப்பெலும்பு முறிவு, மறதி என்று கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிவரச் சொன்னால் வாங்காதீர்கள். ஆனால் பல மாதமாகப் போட்டு வருகிறவருக்கு ஒரே நாளில் பிடுங்கினால் வலிப்புகூட வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கோ அதைவிடக் குறைவோ என்று, டாக்டர் சொல்லும் கணக்கில்தான் இறக்க வேண்டும். கடைசிக் கால் பங்கு எல்லாவற்றையும்விட மெதுவாக.

நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடரும். மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் அந்தப் பழைய நோட்டை மறுபடி எடுத்து எழுதுங்கள். துணையை இழந்தவர்களுக்குத் திதி வரும் மாதத்தில் பதற்றம் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை நின்றுபோய், வீட்டுக்குள் முடங்கி, டிவி புயல் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வாரங்களிலும் ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் கூடத்திலேயே பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடக்க, ஈரம் படாத ஒரு பாதையை முன்கூட்டியே ஒழித்து வையுங்கள்.